நானூற்றெண்பது பேருக்கான கேலரி

ஒரு மனிதனுக்கு ஒன்றரை அடி. நீளப் பலகையில் உட்காரும் கேலரிக்கு இதுதான் சட்டம். ஒல்லியோ குண்டோ, பட்டுச் சேலையோ ஜீன்ஸோ, ஆளுக்குப் பதினெட்டு அங்குலம். அறுபதடிப் பலகை என்றால் நாற்பது பேர். பன்னிரண்டு வரிசை என்றால் நானூற்றெண்பது. அதற்கு மேல் ஒரு ஆள் ஏறினாலும் அது என் தலைவலி. அந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போடுவது என் வேலை.

ஹூஸ்டனில் ஒரு சின்னப் பொறியியல் கம்பெனியில் இருக்கிறேன். பந்தயம், பட்டமளிப்பு விழா, கண்காட்சி என்று எங்கே தற்காலிகக் கேலரி போட்டாலும் போய்ப் பார்ப்பேன். இரும்புக் கால்கள், குறுக்குக் கம்பிகள், அடியில் போட்ட மரப்பலகைகள் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிக் கொடுப்பேன். வேலையில் நான் கறார். ‘இன்னும் ஒரு இருபது பேர் சேர்த்துக்கலாமே’ என்று எவனாவது இளித்தால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் நான் வளர்ந்த இடத்தில் கொள்ளளவு என்றால் அது மேட்டூர் அணைக்கு மட்டும்தான். மனிதர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து ஈரோடு போவோம். மண்டபக்காரர் ‘ஆயிரம் பேர் தாராளமா புடிக்கும்’ என்பார்; கல்யாணத்துக்கு இரண்டாயிரம் பேர் வருவார்கள்; பந்தி பந்தியாகச் சாப்பிட்டுவிட்டு நல்லபடியாக வீடு போய்ச் சேருவார்கள். பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று அச்சடிப்போமே தவிர, இத்தனை பேர் வாருங்கள் என்று எந்த மானமுள்ள குடும்பமாவது போட்டதுண்டா?

சுகர் லேண்டில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் ஒரு ரக்பி மைதானம் இருக்கிறது. லண்டனில் இந்த விளையாட்டுக்கு எண்பதாயிரம் பேர் உட்காரும் மைதானம் உண்டு, கார்டிஃபில் எழுபதாயிரத்துக்கு மேல். இங்கே இரண்டாயிரத்துச் சொச்சம்தான், அதுவும் பாதி நாள் காலி. அந்த வருடம் அவர்கள் அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது. டிவியில் காட்டப் போகிறார்கள். கேமரா இருக்கும் பக்கம்தான் நிரந்தர இருக்கைகள். எதிர்ப்பக்கம் வெறும் புல்தரை. டிவியில் தெரிவதோ எதிர்ப்பக்கம். அதனால் அங்கே ஒரு தற்காலிகக் கேலரி போட்டு, அதை ஆட்களால் நிரப்ப வேண்டும் என்று கிளப்பின் மேனேஜர் ஆசைப்பட்டார். கேலரிக்கு எங்கள் கம்பெனி. கணக்கு என்னுடையது. நானூற்றெண்பது.

‘ஆளுங்களுக்கு எங்கே போவது?’ என்று அவர் என்னிடம்தான் புலம்பினார். எனக்கு வாய் சும்மா இருந்ததா? எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு இலவசப் பாஸ் கொடுங்கள், ஒரே நாளில் நிரப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். பாஸில் என்ன போடுவது என்று கேட்டார். ‘ஒரு குடும்பத்துக்கு ஒரு பாஸ்’ என்றேன். எங்கள் பொங்கல் விழாவுக்கும் தீபாவளிக்கும் அப்படித்தான் கொடுப்போம். நூற்றிருபது குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை. நூற்றிருபதை நான்கால் பெருக்கினால் நானூற்றெண்பது. எவ்வளவு பொருத்தமாக வருகிறது பார் என்று அன்றைக்கு நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். இருபது பேருக்குச் சண்டை போடுகிற நான், சொந்த ஜனங்களுக்கு வரும்போது தலைகளை எண்ணாமல் குடும்பங்களை எண்ணியிருந்தேன்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் கேலரியைச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இரவு ஒரு மணி நேரம் நல்ல மழை. எங்கள் பக்கத்து மண் கறுப்புக் களிமண். தண்ணீர் குடித்தால் மாவு மாதிரி இளகிவிடும். காலையில் மறுபடி போய் அடிப்பலகைகளைப் பார்த்தேன். ஈரம் இருந்தது, எதுவும் அசைந்திருக்கவில்லை. நானூற்றெண்பது பேருக்கு அது போதும்.

பதினொரு மணிக்கு வேன்கள் வர ஆரம்பித்தன. முதல் வேனிலிருந்து இறங்கியது ஒன்பது பேர். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய பெற்றோர், டல்லாஸ் பக்கத்து ஆலனிலிருந்து வார விடுமுறைக்கு வந்த மைத்துனனும் அவன் மனைவியும். கையில் ஒரே பாஸ். வாசலில் நின்ற கிளப் பையன் அதைப் படித்தான். குடும்பம் என்று போட்டிருக்கிறது, வந்திருப்பது குடும்பம்தான். சிரித்துக்கொண்டே எல்லோரையும் உள்ளே விட்டான். அவன் மேல் என்ன தப்பு?

நான் கேலரியின் படிக்கட்டு அருகே நின்று, கையில் இருந்த எண்ணும் கருவியை ஒவ்வொரு தலைக்கும் அழுத்திக்கொண்டிருந்தேன். நானூறு தாண்டியபோது வாசலுக்கு வெளியே பாதி வரிசை பாக்கி இருந்தது. நானூற்றெண்பது வந்தது. ஒரு கணம் விரல் நின்றது. அப்போதே கையை நீட்டி மறித்திருக்க வேண்டும். மறிக்கவில்லை.

காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். என் கிரீன் கார்டு மனு அந்தக் கம்பெனி வழியாகத்தான் போயிருந்தது, ஆறாவது வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் மனுவும் போகும். ‘குடும்பம்’ என்று எழுதச் சொன்னது யார் என்ற கேள்வி வந்தால் பதில் நான்தான். அதைவிடப் பெரிய காரணம், வெட்கம். கூப்பிட்டுவிட்டு வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவதா? பாதிப் பேர் குழந்தைகள், எடை குறைவு, இரும்பு தாங்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பக்கத்தில் அக்கா வந்து நின்றார். சொந்த அக்கா இல்லை. கோபிக்காரர், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, இரண்டுக்கும் எட்டு வயது. பள்ளி விட்டதும் என் மகள் அவர் வீட்டில்தான் இருப்பாள். நான் ஃப்ரீவேயில் ஊர்ந்து வந்து சேரும்வரை சோறூட்டி, வீட்டுப்பாடம் எழுத வைப்பார். சங்கத்து விழா எதுவானாலும் பந்தி அவர் பொறுப்பு. அன்றைக்கும் ஆட்டம் முடிந்ததும் சாப்பாடு என்று ஏற்பாடு செய்திருந்தார்.

‘அக்கா, ரொம்பப் பேர் வந்துட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு’ என்றேன்.

‘வரட்டும் கண்ணு. நகந்து நகந்து உக்காந்தா ஆகிப்போச்சு. நம்ம சனத்துக்கு அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லியா குடுக்கணும்?’ என்று சொல்லிவிட்டு, தன் மகளையும் என் மகளையும் என் கணவரையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனார். கடைசி வரிசைக்கு. அங்கிருந்துதான் நன்றாகத் தெரியுமாம்.

கருவி எழுநூற்றுப் பதின்மூன்றில் நின்றது.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் விதி தெரியாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறான், நான்கு பேர் விழுந்து அமுக்குகிறார்கள். ‘அட, இது நம்ம கபடிதான்பா’ என்று ஒரு அங்கிள் தீர்ப்புச் சொன்னார், அதற்கப்புறம் கேலரி சொக்கிப்போனது. சங்கத்துப் பறைக் குழுவை நான்தான் அழைத்திருந்தேன். அவர்கள் அடிக்க ஆரம்பித்ததும் எழுநூறு பேரும் அடிக்குத் தகுந்த மாதிரி பலகையை மிதிக்க ஆரம்பித்தார்கள். டிவிக்காரர்கள் கேமராவை எங்கள் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டார்கள். கிளப் மேனேஜர் எதிர்ப்பக்கத்திலிருந்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

எடை நேராகக் கீழே இறங்கினால் இரும்பு தாங்கும். எல்லோரும் ஒரே தாளத்தில் மிதித்தால் கேலரி பக்கவாட்டில் ஆடும். அதுதான் ஆபத்து. டார்ச்சை எடுத்துக்கொண்டு கேலரிக்கு அடியில் நுழைந்தேன்.

தலைக்கு மேலே எழுநூறு ஜோடிக் கால்கள். ஒவ்வொரு மிதிக்கும் தூசி கொட்டியது. பின்பக்கம், இடது கோடியில், கடைசி வரிசையைத் தாங்கும் கால் லேசாகச் சாய்ந்திருந்தது. அதன் அடிப்பலகை ஒரு பக்கம் களிமண்ணுக்குள் இறங்கியிருந்தது. அங்கிருந்து போகும் குறுக்குக் கம்பியைக் காலோடு பிணைக்கும் முளை கழலாமல் பூட்டும் கிளிப்பைக் காணோம். வளைந்துபோய்த் தரையில் கிடந்தது. முளை பாதி வெளியே வந்திருந்தது. கைமுட்டியால் குத்தி உள்ளே தள்ளினேன். அடுத்த தாளத்துக்கு மறுபடி எட்டிப் பார்த்தது. கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மார்க்கரை எடுத்து, அடிப்பலகையில் மண் முடிகிற இடத்துக்கு மேலே ஒரு கோடு போட்டேன்.

என் கம்பெனி மேலாளருக்குப் போன் செய்தேன். இரைச்சலில் கத்திக் கத்திச் சொன்னேன். அவர் நிதானமானவர். இடைவேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். பதினோரு நிமிடம். ‘இடைவேளையில் தானாகவே இறங்குவார்கள். திரும்ப ஏறவிடாதே. இப்போது ஏதாவது சொன்னால் ஓடுவார்கள். ஓடினால்தான் விழும்’ என்றார். தவறான யோசனை என்று சொல்ல முடியாது.

போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். கோடு இல்லை. மண் அதை மூடிவிட்டது.

அடுத்து நான் செய்ததை எழுதத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கணவரைக் கூப்பிட்டேன்.

‘எங்க இருக்கீங்க?’

‘மேல, லாஸ்ட் ரோ. செம வியூ. நீயும் வாயேன்.’

‘பாப்பாவக் கூட்டிட்டு இறங்கி வாங்க. இப்பவே.’

‘ஏன், என்னாச்சு?’

‘ஒண்ணும் ஆகல. யாராவது கேட்டா ரெஸ்ட்ரூம்னு சொல்லுங்க. மெதுவா வாங்க, ஓடாதீங்க.’

அவருக்குப் புரிந்துவிட்டது. பத்து வருடம் என்னோடு குடும்பம் நடத்துகிறவர், என் குரலை அறியாதவரா? ‘அக்கா பொண்ணும் கூட வரேங்குறா. ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடறேன்’ என்றார்.

‘வேணாம்’ என்றேன்.

‘என்னது?’

‘அவள விட்டுட்டு வாங்க. அக்கா எதுக்குன்னு கேப்பாங்க. அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சுடும். நீங்க ரெண்டு பேர் மட்டும் வாங்க.’

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் மனசு மாறியிருப்பேனோ என்னவோ. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று எவனோ எழுதி வைத்துவிட்டுப் போனானே, அவன் கேலரிக்கு அடியில் நின்று அதைச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு பேரும் இறங்கி வர மூன்று நிமிடம் ஆயிற்று. வழி முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்ததால் தாண்டித் தாண்டி வந்தார்கள். நான் ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் கையைப் பிடித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மூளையும் வந்தது. எட்டு நிமிடம் காத்திருக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. பெண் மேலே இருந்தவரை பதினோரு நிமிடத்தை நம்பினேன். அவள் தரையில் கால் வைத்ததும் எட்டு நிமிடம்கூட அதிகமாகப் பட்டது. என்ன ஜென்மம் நான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதற்கு நேரமில்லை.

பறைக் குழுவிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன், நிறுத்துங்கள் என்று. நிறுத்தினார்கள். அவர்கள் வைத்திருந்த மைக்கை வாங்கிக்கொண்டு, படிப் படியாக, ஒருத்தர் காலையும் மிதிக்காமல் மேலே ஏறினேன். கடைசி வரிசையில் அக்காவும் அவர் மகளும். நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

குனிந்து அக்கா காதில் சொன்னேன். ‘கீழ ஒரு கால் மண்ணுல இறங்குது அக்கா. எல்லாரும் இறங்கணும். ஓடக்கூடாது. குதிக்கக்கூடாது. கீழ் வரிசை முதல்ல, நாம கடைசில. எனக்கு எப்படின்னு தெரியல.’

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னை. மைக்கை என் கையிலிருந்து வாங்கினார்.

‘எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. சாப்பாடு வந்தாச்சு. ஹில்கிராஃப்ட் கடையில இருந்து தக்காளி சாதம், தயிர் சாதம், பின்னாடி டெண்ட்ல வெச்சிருக்கோம். கீழ இருக்கற ரெண்டு வரிசை முதல் பந்தி. மத்தவங்க அப்படியே உக்காந்திருங்க. எந்திரிச்சு நின்னீங்கன்னா உங்க வரிசை கடைசிப் பந்திக்குப் போயிரும்.’

பொங்கல் விழாவில் வருடா வருடம் கேட்டுப் பழகிய குரல். கீழ் இரண்டு வரிசை எழுந்து, குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு, வரிசையாக இறங்கிப் போனது. பந்திக்கு முந்து என்பதைப் பால் குடிக்கும்போதே படித்த ஜனம். ஆனால் அக்கா முறை சொன்னால் முறைதான்.

‘ஏம்மா, மேட்ச் இன்னும் முடியலையே’ என்றார் கபடி அங்கிள்.

‘மேட்ச் எங்கயும் போகாது அங்கிள். தயிர் சாதம் வெயில்ல புளிச்சுப் போயிரும்’ என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த இரண்டு வரிசை எழுந்தது.

நான் அந்த இடது கோடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அடியில் பலகை ஒருமுறை முனகியது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவர் குரல் மாறவில்லை. பதினோராவது வரிசையில் ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் எழுந்து நின்றுவிட்டார். ‘சின்னக் குழந்தை இருக்கு. நாங்க முன்னாடி போய்க்கறோம்’ என்று படியில் கால் வைத்தார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள். வழி அப்போது நெரிசலாக இருந்தது. அவர்களும் நுழைந்திருந்தால் தள்ளுமுள்ளுதான்.

அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மகளை இழுத்துத் தன் பக்கத்தில் ஒட்ட வைத்துக்கொண்டார். ‘எம் பொண்ணும் இங்கதானுங்க உக்காந்திருக்கா. நான் அவளை எங்கியும் அனுப்பல பாருங்க. இன்னும் ரெண்டே நிமிசம், உங்க வரிசைதான். உக்காருங்க’ என்றார்.

எழுந்து நின்றவர் அந்தச் சிறுமியைப் பார்த்தார். உட்கார்ந்தார். மற்ற நான்கு பேரும் உட்கார்ந்தார்கள்.

எழுநூற்றுப் பதினொரு பேர் இறங்கி முடிப்பதற்குள் இடைவேளையும் வந்து போய்விட்டது. கடைசியாக நாங்கள் மூன்று பேர் இறங்கினோம். அக்காவையும் அவர் மகளையும் முன்னால் விட்டு, பின்னால் நான். கிளப் மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார், கேலரி ஏன் காலி என்று. சொன்னேன். அடியில் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. படிக்கட்டில் மஞ்சள் நாடா கட்டினோம்.

விழுந்திருக்குமா என்று கேட்டால் தெரியாது. விழாமலும் இருந்திருக்கலாம். பிறகு நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. எழுநூற்றுப் பதின்மூன்று என்ற எண், பாஸில் ‘குடும்பம்’ என்று எழுதச் சொன்னது நான் என்பது, மழை, களிமண், கிளிப், எத்தனை மணிக்கு மேலாளரைக் கூப்பிட்டேன் என்பது, எல்லாம் இருந்தது. நான் செய்த இரண்டாவது போன் மட்டும் அதில் இல்லை. வேலை போகவில்லை. மனு அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு டெண்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. புல்லில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே இரண்டாம் பாதியைப் பார்த்தார்கள். ‘ஏற்பாடு பிரமாதம்’ என்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். என் மகள் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவர் காரை எடுத்து வருகிறேன் என்று எப்போதோ போய்விட்டிருந்தார். அக்காவை எதிர்கொள்ள முடியாமல்தான் போனார் என்று எனக்குத் தெரியும்.

அக்கா எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டு, மகளோடு என்னிடம் வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

‘நல்லபடியா முடிஞ்சுது கண்ணு’ என்றார். ‘நீ சாப்பிடு.’ தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, மகளை முன்னால் நகர்த்தினார். ‘இவ என்கிட்ட ஒண்ணு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நீயே சொல்லிரு.’

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, அங்கிள் ஏன் என்னை வரவேண்டாம் என்று சொன்னார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அக்கா என்னைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘பாப்பா ரெஸ்ட்ரூம் போகணும்னு சொன்னா கண்ணா, அதான் அங்கிள் கூட்டிட்டுப் போனார்’ என்றேன்.

‘எனக்கும் போகணும்னு சொன்னேனே ஆன்ட்டி’ என்றாள்.